புதுப்பிப்பு: 310 மணி நேரம் ஓடிய படகு

மும்பையில் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் நிற்கும் பழைய பவர்போட்டை வாங்கலாமா, இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லும் ஹவர் மீட்டர் 310 காட்டுகிறதே என்று இங்கே கேட்டிருந்தேன். மீட்டரை நம்பாமல், ஓடிய நேரத்தைப் பதிந்து வைக்கும் இன்ஜினின் கணினியான ஈசியூவைப் படிக்கச் சொன்னீர்கள். மிகவும் நன்றி.

மாட்டுங்காவில் இருக்கும் தூத்துக்குடி மெக்கானிக் அண்ணன் லேப்டாப்போடு வந்தார். ஈசியூவில் 870 மணி! விற்பவர் ஏமாற்றவில்லை, இரண்டு வருடம் முன்பு மீட்டரை மாற்றியதில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கிறது. அந்த 870 மணியில் பெரும்பகுதி 3,000 முதல் 4,000 ஆர்பிஎம்மில், அதாவது மிதமான வேகத்தில், ஓடியது என்பதால் எனக்கு அது பெரிதாகப் படவில்லை.

கம்ப்ரஷன்தான், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்தான், கவலை. மூன்று சிலிண்டரில் 190 பிஎஸ்ஐ ஒட்டி வந்தது, நான்காவதில் 155. வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்றார் அண்ணன். கியர் ஆயில் பால் மாதிரி வெளுத்திருந்தது. சீல் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. இன்ஜின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் உள்ளே உப்புக் கட்டி. கடலோடிவிட்டு வந்து நல்ல தண்ணீரில் ஃப்ளஷ் செய்யவே இல்லை போல. சீல் மலிவு, ஆனால் சிலிண்டர் வேலைக்கு இன்ஜினையே பிரிக்கணும்.

சரி, வேண்டாமென்று சொல்லிவிட்டேன். படகின் உடல் அவ்வளவு நன்றாக இருந்தது, மனசு இன்னும் ஆறவில்லை. அடுத்து மாண்ட்வாவில் ஒன்று பார்க்கப் போகிறேன்.