டிஸ்சார்ஜ் நாளில் எல்லோரும் ‘நன்று’ என்கிறார்கள்: போதை சிகிச்சையின் தரத்தைக் கருத்துப் படிவத்தால் அளப்பது எப்படி?

படிவம்_01 (கேள்வி)

போதை மீட்பு மையத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவோரிடம் கருத்து வாங்கும் முறையைத் திருத்த வேண்டும். இப்போது டிஸ்சார்ஜ் அன்று ஆலோசகரே 12 கேள்விகள் உள்ள தாளைக் கொடுக்கிறார். 1 முதல் 5 வரை மதிப்பெண், மாதக் கடைசியில் சராசரி. எந்த மாதமும் 4.5-க்குக் கீழே இறங்குவதில்லை. பாதியில் கிளம்பிப் போகிறவர்களோ குறைந்தபாடில்லை. எதை, எப்போது, யார் கேட்டால் உருப்படியான பதில் வரும்? எத்தனை படிவம் சேர்ந்தால் அந்த எண்ணை நம்பலாம்?

வகுஎண்

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. பாதியில் போனவர்களிடம் யாரும் தாளை நீட்டவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். சேர்ந்தவர்கள் 60 பேர், கடைசி வரை இருந்தவர்கள் 38, படிவம் தந்தவர்கள் 35, அதில் ‘நன்று’ என்றவர்கள் 33. அறிக்கையில் இது 94 சதவீதம். சேர்ந்தவர்களைக் கீழே போட்டு வகுத்தால் 55. மீதிப் பேர் எல்லாம் குறை சொல்வார்கள் என்று அர்த்தமில்லை. அவர்கள் என்ன சொல்வார்கள் என்பதே தெரியாது. அதனால் இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

கேட்கும் நேரம் ஒன்று போதாது, மூன்று வேண்டும். குடியை நிறுத்தியவருக்கு விலகல் அறிகுறிகள் (நிறுத்தியதால் உடலில் வரும் தொல்லைகள்) பெரும்பாலும் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சத்துக்குப் போகும்; அப்போது கேட்டுப் பயனில்லை. ஐந்தாறு நாள் கழிந்து, ஆள் தெளிந்ததும் நாலே கேள்வி. மூன்றாவது வாரம் முழுப் படிவம். வெளியே போய் 30 நாள் ஆனதும் தொலைபேசியில் ஒருமுறை. இடையில் போனவரை ஒரு வாரத்துக்குள் அழைத்து, ‘கிளம்ப வைத்தது எது?’ என்று மட்டும் கேளுங்கள். இதற்கான சம்மதத்தைச் சேரும் நாளிலேயே எழுதி வாங்க வேண்டும்: எந்த எண், எந்த நேரம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பது வரைக்கும். மையத்தின் பெயரைச் சொல்லித் தகவல் விட்டுவைத்தால், வீட்டுக்கே தெரியாத விஷயம் வெளியே வந்துவிடும்.

சொல்தராசு

கேள்விகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ‘ஊழியர்கள் கனிவாகவும் திறமையாகவும் இருந்தார்களா?’ என்பது இரண்டு கேள்வி. கனிவு உண்டு, திறமை இல்லை என்பவர் எங்கே டிக் போடுவார்? ‘சேவையில் திருப்தியா?’ என்பதும் வீண். எதிரில் நிற்பவரை நோகடிக்க மனமில்லாமல் ‘ஆமாம்’ என்றுதான் வரும். அபிப்பிராயத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள்:

– விலகல் வேதனை வந்து உதவி கேட்டபோது, எவ்வளவு நேரத்தில் ஆள் வந்தார்?
– என்ன மருந்து, எதற்கு, வேறு வழி உண்டா என்று யாராவது விளக்கினார்களா?
– சிகிச்சைத் திட்டத்தில் நீங்கள் கேட்டு மாற்றியது ஏதாவது உண்டா?
– யாராவது கத்தினார்களா, மிரட்டினார்களா, அடித்தார்களா, பூட்டி வைத்தார்களா?
– மறுபடி தொட்டுவிட்டால் யாரிடம் போவது என்று சொன்னார்களா?
– ஓபியாய்டு (ஹெராயின், மார்ஃபின் வகை) எடுத்தவர்களுக்கு: நிறுத்திய பிறகு உடலின் தாங்குதிறன் குறைந்திருக்கும், பழைய அளவே உயிரை எடுக்கலாம் என்று சொன்னார்களா?

கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்று ஒரே ஒரு படிவம் வந்தாலும் அன்றைக்கே கவனிக்க வேண்டும். அதைச் சராசரியில் புதைக்கக் கூடாது.

ஆயத்தப் படிவங்களும் இருக்கின்றன. சிஎஸ்க்யூ-8 என்பது சேவையில் திருப்தியை அளக்கும் படிவம்: 8 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4, மொத்தம் 8 முதல் 32. நடு மதிப்பெண் இல்லாததால் நழுவ முடியாது. ஆனாலும் பெரும்பாலோர் மேல் நுனியில்தான் குவிவார்கள். காப்புரிமை உள்ளது, அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு ஆலோசனை அமர்வுக்கும் பிறகு, அது எப்படி இருந்தது என்று கேட்க எஸ்ஆர்எஸ் என்ற படிவம்: குறி போட 10 சென்டிமீட்டர் கோடு நாலு, மொத்தம் 40. 36-க்குக் கீழே போனால் அன்றே பேசச் சொல்கிறது முறை. மொழிபெயர்த்தால் ஐந்தாறு பேரிடம் வாசித்துக் காட்டி, ‘என்ன புரிந்தது?’ என்று கேளுங்கள். எழுத்து வாசிக்காதவருக்கு வாசிப்பவர் அவருடைய ஆலோசகராக இருக்கக் கூடாது.

வகுஎண்

எண்ணிக்கை விஷயத்தை விட்டுவிட்டேன். 20 பேரில் 16 பேர் ‘ஆம்’ என்றால் 80 சதவீதம். ஆனால் உண்மை நிலை ஏறக்குறைய 58-க்கும் 92-க்கும் நடுவில் எங்கேயும் இருக்கலாம். 100 பேரில் 80 என்றால் அந்த இடைவெளி 71 முதல் 87 வரை சுருங்கும். அதனால் சின்ன மையத்தில் மாதாமாதம் ஒப்பிடுவது வெறும் குலுக்கல். மூன்று மாதம், ஆறு மாதம் சேர்த்துப் பாருங்கள். சராசரியை விட்டுவிட்டு, முழு மதிப்பெண் தந்தவர் எத்தனை சதவீதம், 1 அல்லது 2 தந்தவர் எத்தனை பேர் என்று பிரித்துப் போடுங்கள்.

இன்னொன்று. திருப்தி வேறு, குணம் வேறு. கேட்ட தூக்க மாத்திரையைக் கொடுக்காத மருத்துவருக்கு மதிப்பெண் குறையும். அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். வீட்டார் கட்டாயத்தில் வந்தவர் தொடக்கத்திலேயே கடுப்பில் இருப்பார். ஆகவே பலனைத் தனியாக அளக்க வேண்டும். ‘பாம்’ (BAM) என்ற 17 கேள்விப் படிவம் கடந்த 30 நாளில் எத்தனை நாள் குடித்தார், தூக்கம் எப்படி, ஏக்கம் எவ்வளவு என்று கேட்கிறது. இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண்ணாக்கி விடாதீர்கள். திருப்தி மதிப்பெண்ணை ஊழியரின் சம்பள உயர்வோடு கட்டினால் முடிந்தது கதை. ‘அண்ணே, அஞ்சு போடுங்க’ என்று கெஞ்சல் ஆரம்பித்துவிடும்.

படிவம்_01

இருவருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் என்றால் ஒரே ஆளின் மூன்று கட்டப் படிவங்களை எப்படி ஒன்றோடு ஒன்று பொருத்துவது?

சொல்தராசு

பெயருக்குப் பதில் குறியீட்டு எண். எந்த எண் யாருடையது என்ற பட்டியல், சிகிச்சையில் கை வைக்காத ஒருவரிடம் பூட்டில் இருக்கட்டும். வயதும் பாலினமும் கேட்டாலே சின்ன மையத்தில் ஆள் தெரிந்துவிடும், அவற்றை எடுத்துவிடுங்கள். கையெழுத்தும் காட்டிக் கொடுக்கும், எனவே டிக் போடும் தாள்தான் நல்லது. குறைந்தது 10 படிவம் சேரும்வரை ஊழியர் யாரும் பார்க்கக் கூடாது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: தற்கொலை எண்ணத்தையோ அடி விழுந்ததையோ யாராவது எழுதினால் பட்டியலைத் திறந்து அவரிடம் போயாக வேண்டும். அப்படித் திறப்போம் என்பதைப் படிவத்தின் முதல் வரியிலேயே அச்சடித்துவிடுங்கள்.