143 பைட்டில் நின்றுபோகும் கோப்புப் பெயர்கள்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மறைவட்டு
லினக்ஸில் ஃபோல்டரைக் குறியாக்கும் ஈகிரிப்ட்எஃப்எஸ் போட்ட ஹோம் ஃபோல்டர், கோப்புப் பெயர்களும் குறியாக்கத்தில். "ஆண்டுப் பொதுக்குழு நிகழ்ச்சிக்குறிப்பு இறுதி" என்ற பிடிஎஃப் ஒழுங்காக சேவ் ஆகிறது. கடைசியில் "திருத்தம்" என்று ஒரு சொல் சேர்த்ததும் "ஃபைல் நேம் டூ லாங்", பிழை எண் 36. திரையில் எண்ணிப் பார்த்தால் மொத்தமே 27 எழுத்து! ஆனால் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் யூனிகோடில் தனித்தனிக் குறி. அப்படி எண்ணினால் 50 குறி, யுடிஎஃப்-8இல் குறிக்கு 3 பைட் வீதம் 150. இடைவெளி 4, டாட் பிடிஎஃப் 4. ஆக 158. "திருத்தம்" இல்லாமல் 130. எல்லை 143. "நிகழ்ச்சிக்குறிப்பு" என்ற ஒரே சொல் 57 பைட் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கு 143 தாராளம், நமக்கு 47 குறிதான்.

பைட்_கணக்கு
143 எங்கிருந்து வருகிறது என்று பலரும் கேட்பதால் சொல்கிறேன். கீழே இருக்கும் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 ஒரு பெயருக்கு 255 பைட் தரும். ஈகிரிப்ட்எஃப்எஸ் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் 24 எழுத்து முன்னொட்டு போடுகிறது, மிச்சம் 231. குறியாக்கிய பைட்டுகளை அச்சிடத்தக்க எழுத்தாக்க 3 பைட் 4 ஆக வீங்கும், ஆக உள்ளே போகக்கூடியது 173. அதில் சாவி அடையாளம் 8 உள்பட தலைப்புத் தகவலுக்கு ஒரு டஜன் போகும். மிச்சத்தை ஏஇஎஸ் குறியாக்க முறையின் 16 பைட் கட்டங்களாக வெட்டினால் 160. அதிலும் முன்னால் 16 சீரற்ற பைட், ஒரு பூஜ்ஜியப் பிரிப்பான். 160இல் 17 போனால் 143. இது அமைப்பில் மாற்றக்கூடிய எண் அல்ல. உங்கள் மவுன்ட்டில் எவ்வளவு என்று அறிய கெட்கான்ஃப் கட்டளைக்கு நேம் மேக்ஸும் ஃபோல்டரின் பாதையும் கொடுங்கள்.

நகல்வேலை
143க்குள் இருந்தாலும் நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை விழும், அதை யாரும் சொல்லவில்லை. 140 பைட் பெயர் கையால் காப்பி பண்ணினால் போகிறது, ஆர்சிங்க் மட்டும் "எம்கேஎஸ்டெம்ப் ஃபெயில்டு" என்று அதே 36ஐக் காட்டுகிறது. காரணம், முதலில் அது தற்காலிகக் கோப்பில் எழுதும்: முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளியும் 6 எழுத்தும். மொத்தம் 8 கூடுதல். நீளமானால் வெட்டிக்கொள்ளும், ஆனால் 255ஐ மனத்தில் வைத்து வெட்டும். ஆகவே 136 முதல் 143 வரை உள்ள பெயர்கள் எல்லாம் மாட்டும். நேராக இறுதிக் கோப்பிலேயே எழுதும் இன்பிளேஸ் விருப்பம் கொடுத்தால் நகல் போய்விடும், ஆனால் நடுவில் அறுந்தால் பாதிக் கோப்பு நிற்கும். டெம்ப்-டிர் விருப்பத்தால் தற்காலிகக் கோப்புக்கு வேறு இடம் காட்டலாம். அந்த இடம் குறியாக்கம் இல்லாத வட்டாக இருந்தால் உள்ளடக்கம் அங்கே வெறுமனே எழுதப்படும், கவனம். லிப்ரே ஆஃபிஸின் பூட்டுக் கோப்புக்கும் இதே 8 பைட் வேண்டும்.

சுருக்கவழி
பெயர்க் குறியாக்கத்தை அணைத்துவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் குறியாக்கினால் 255 முழுசாகக் கிடைக்கும். இவ்வளவு கணக்கு எதற்கு?

மறைவட்டு
இதை ஏற்க முடியாது, நண்பரே. மருத்துவ அறிக்கைக்கு நோயின் பெயரையே கோப்புக்கு வைப்பவர்கள் உண்டு. பெயர் வெளியே தெரிந்தால் உள்ளடக்கத்தைப் பூட்டி என்ன பயன்?

தாழ்ப்பாள்
இரண்டு பேரும் ஈகிரிப்ட்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே நின்று பேசுகிறீர்கள். வெளியே வாருங்கள். லக்ஸ் என்ற வட்டுக் குறியாக்கம் வட்டுக் கட்டங்களைக் குறியாக்குகிறது, பெயர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. 255 அப்படியே. உபுண்டுவும் 18.04இல் நிறுவியிலிருந்து ஹோம் குறியாக்கத்தை எடுத்துவிட்டது. ஃபோல்டர் அளவில்தான் வேண்டும் என்றால் ஈஎக்ஸ்டி4க்குள்ளேயே இருக்கும் எஃப்எஸ்கிரிப்ட். அதிலும் பெயருக்கு 255 உண்டு. குறைவது சிம்லிங்க் (வேறு கோப்பைச் சுட்டும் குறுக்குவழி) இலக்கின் நீளம் மட்டும், 4095க்குப் பதில் 4093.

ஆனால் எஃப்எஸ்கிரிப்டில் சாவி இல்லாமல் கோப்பைத் திறக்கவே முடியாது, குறியாக்கிய வடிவிலேயே பேக்கப் எடுக்க வழியில்லை. அது தேவைப்படுபவர்களுக்கு கோகிரிப்ட்எஃப்எஸ். 175 பைட் வரை பெயரை நேராகக் குறியாக்கும். தாண்டினால் குறியாக்கிய பெயரின் ஹேஷை (நீளம் மாறாத சுருக்கக் குறியை) வைத்து ஒரு கோப்பு, குறியாக்கிய முழுப் பெயர் பக்கத்திலேயே டாட் நேம் என்று முடியும் துணைக் கோப்பில். இந்தத் துணைக் கோப்பு பேக்கப்பில் விடுபட்டால் பெயர் போயிற்று, ஆகவே வடிகட்டி எதுவும் போடாமல் முழு ஃபோல்டரையும் எடுங்கள்.

ஈகிரிப்ட்எஃப்எஸ்ஸுக்குள் கொண்டுபோகத்தான் வேண்டுமென்றால் முதலில் மூலத்தில் கோப்பு தேடும் ஃபைண்ட் கட்டளையை ஓட்டுங்கள். ரெஜெக்ஸில் (தேடும் வடிவத்தில்) கடைசிச் சாய்கோட்டுக்குப் பின் சாய்கோடு அல்லாத குறிகள் 144 அல்லது அதற்கு மேல் என்று கொடுங்கள். முக்கியம்: லொகேலை (மொழி அமைப்பை) சி என்று வைத்து ஓட்டுங்கள், அப்போதுதான் பைட் கணக்கில் எண்ணும். யுடிஎஃப்-8 லொகேலில் 144 என்பது குறிக் கணக்கு, 158 பைட் உள்ள மேலே சொன்ன பெயர் அதில் 58தான், பட்டியலில் வராமல் தப்பிவிடும். ஃபோல்டர் பெயருக்கும் இதே எல்லை. ஒரு ஃபோல்டர் உருவாகாவிட்டால் அதன் உள்ளே இருப்பது எதுவும் வராது.

ஒற்றைக்கொம்பு
பழைய மேக் வட்டிலிருந்து வரும் கோப்புகளில் இன்னொன்று. மேக்கின் பழைய கோப்பு முறைமையான எச்எஃப்எஸ் பிளஸ் "பொ"வில் உள்ள உயிர்க்குறியைக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். "பொது" 12 பைட்டுக்குப் பதில் 15. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, லினக்ஸுக்கு அது வேறு பெயர். 142 பைட் பெயர் 145 ஆகி நிற்கும். பெயர்களின் குறியேற்றத்தை மாற்றும் கான்வ்எம்வி கட்டளையில் இரு பக்கமும் யுடிஎஃப்8 கொடுத்து, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி விருப்பம் சேருங்கள், மாறப்போவதைக் காட்டும். சரியாக இருந்தால் நோடெஸ்ட் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள், அப்போதுதான் உண்மையில் மாற்றும்.