ஒரு மின்பாதை துண்டிக்கப்பட்டால் பல மாநிலங்கள் இருளில் மூழ்குவது எப்படி?

ஏற்காடு வாசகர் (கேள்வி):
கோடை மழையோடு வந்த சூறைக்காற்றில் எங்கள் மலை முழுவதும் விடிய விடிய மின்சாரம் இல்லை. ஒண்டிக்கடை அருகே பேசிக்கொண்டிருந்த சிலர், "கிரிட்டே (மாநிலங்களை இணைக்கும் மின்தொகுப்பே) விழுந்துவிட்டது" என்றார்கள். ஆனால் லேடீஸ் சீட்டிலிருந்து பார்த்தபோது கீழே சேலத்தின் விளக்குகள் எரிந்துகொண்டுதான் இருந்தன. உண்மையான பெருந்தடை எதனால் வருகிறது? 2012இல் வட இந்தியாவில் நடந்தது போல இங்கும் நடக்குமா?

சேலம் மின்பொறியாளர்:
ஐயா, சேலத்தில் விளக்கு எரிந்தது என்றால் விழுந்தது கிரிட் அல்ல. மலைக்கு மின்சாரம் கொண்டுவரும் விநியோகப் பாதையான ஃபீடர்தான் பழுதாகியிருக்கும்.

பெருந்தடைக்குக் கடைசியாக நேர்ந்த பழுதை மட்டும் காரணமாகச் சொல்வது தவறு என்பது என் உறுதியான கருத்து. 2012 ஜூலை 30 அதிகாலையில் பினா–குவாலியர் 400 கிலோவோல்ட் பாதை துண்டிக்கப்பட்டபோது, அதில் மரமும் விழவில்லை, கம்பியும் அறுபடவில்லை. பல பாதைகள் ஏற்கெனவே சேவையில் இல்லாததாலும், வட மாநிலங்கள் ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்ததாலும், அந்தப் பாதையில் சுமை அளவுகடந்து ஏறியிருந்தது. பழுது நேர்ந்தால் பாதையைத் தானாகத் துண்டிக்கும் கருவியான பாதுகாப்பு ரிலே, மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டே பழுதைக் கண்டறிகிறது. அழுத்தம் தாழ்ந்து ஓட்டம் உயர்ந்தபோது அந்த விகிதம் பழுது போலவே தோன்றியதால், ரிலே பாதையைத் துண்டித்தது. அதன் சுமை பக்கத்துப் பாதைகளின் மீது பாய, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆகி, வடமண்டலம் தனித்து நின்றது. தேவைக்கேற்ற உற்பத்தி இல்லாமல் அதிர்வெண் (மாறுமின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற அளவு) 50 ஹெர்ட்ஸிலிருந்து சரிந்தது. அந்த நேரத்தில் தானாகச் சுமையைக் குறைத்திருக்க வேண்டிய ரிலேக்கள் போதிய அளவு குறைக்கவில்லை. மறுநாள் கிழக்கு, வடகிழக்கு மண்டலங்களும் சேர்ந்து வீழ்ந்தன. பாதிக்கப்பட்ட பகுதிகளில் வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 60 கோடிப் பேர்.

அன்று தமிழகம் தப்பியதற்குக் காரணம், தென்மண்டலம் நேர்மின் (டி.சி.) இணைப்புகளால் மட்டுமே வடக்கோடு பிணைந்திருந்ததுதான்; அவற்றின் வழியே அதிர்வெண் சரிவு பரவாது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்தபின் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது. பற்றாக்குறையில் கை கொடுக்கவும், பழுதைப் பரப்பவும் இந்தப் பிணைப்பால் இயலும். ஆகவே "இங்கு நடக்காது" என்று சொல்ல மாட்டேன்.

காப்பித் தோட்டக்காரர்:
மரத்தை அவ்வளவு எளிதாக ஒதுக்கிவிட வேண்டாம். 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் ஒஹையோவில் சுமையால் சூடேறித் தொய்ந்த உயரழுத்தக் கம்பிகள், வெட்டப்படாமல் வளர்ந்திருந்த மரங்களில் உரசின. கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருளும் செயலிழந்திருந்ததால் பணியில் இருந்தவர்களுக்கு நிலைமை தெரியவில்லை. ஏறத்தாழ 5 கோடிப் பேர் மின்சாரம் இழந்தனர். இங்கே மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களில் கம்பியை நோக்கி நீளும் கிளைகளின் நுனி இலைகள் கருகியிருப்பதை மழைக்காலத்தில் பார்க்கலாம். அந்தக் கருகலைக் கண்டவுடன் பிரிவு அலுவலகத்துக்குச் சொல்லி, மின்சாரத்தை நிறுத்திய பிறகே கிளையை வெட்ட வேண்டும்.

ஏற்காடு வாசகர்:
நன்றி. பக்கத்திலேயே மேட்டூர் அனல் மின் நிலையம் இருக்கும்போது, கிரிட் விழுந்தால் நமக்கு உடனே மின்சாரம் கிடைக்காதா?

சேலம் மின்பொறியாளர்:
கிடைக்காது. அனல் நிலையத்தின் நிலக்கரி அரைவை ஆலைகள், நீரேற்றும் பம்புகள், பெரிய மின்விசிறிகள் எல்லாம் ஓடுவதற்கே வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். நீர்மின் நிலையத்துக்கோ மதகைத் திறந்து டர்பைனைச் சுழலவிட மிகச் சிறிய அளவு போதும் என்பதால், மீட்புப் பணி பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கும். அதற்கு அணையிலும் நீர் இருக்க வேண்டும். அந்தச் சிறிய மின்சாரத்தை முதலில் அனல் நிலையங்களுக்குக் கொண்டுசென்று, உற்பத்தி ஏற ஏற அதே அளவுக்குச் சுமையையும் பகுதி பகுதியாக இணைப்பார்கள். அவசரப்பட்டு ஒரு பெரிய ஃபீடரைச் சேர்த்தால் அதிர்வெண் மீண்டும் சரிந்து, எழுந்ததெல்லாம் விழும். மருத்துவமனை, ரயில், குடிநீர் ஆகியவற்றுக்குப் பிறகே வீடுகளின் முறை வரும்.