கப்பிக் குட்டிகளை ஃபில்டர் இழுக்கிறது: ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் வைத்தால் போதுமா?

அடையாறு_கப்பி:

வணக்கம். 2 அடி தொட்டி, 24×12×12 அங்குலம். 5 ஆண், 10 பெண் கப்பி. உள்ளே ஒட்டும் பவர் ஃபில்டர் ஓடுகிறது, பெட்டியில் மணிக்கு 600 லிட்டர் என்று போட்டிருக்கிறது. குட்டி போட்ட மறுநாளே பாதிக் குட்டிகள் அதன் வாயில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகின்றன. போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 850, பிஎச் 8. வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றுவது உண்டு.

பவர் ஃபில்டரை எடுத்துவிட்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும் வைத்தால் 15 மீனுக்குப் போதுமா? என்ன சைஸ்? மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்? மதியம் 2 மணி நேரம் வரை கரண்ட் போகும் ஏரியா, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நீர்க்குமிழி:

போதும். குட்டி எடுக்கும் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான ஃபில்டர் இல்லை என்றே சொல்வேன். ஆனால் இன்றைக்குப் பழையதைக் கழற்றி நாளைக்குப் புதியதை வைத்தால் மீன் சாகும். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் ஸ்பாஞ்ச் ஃபில்டரை நம்பி ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

ஸ்பாஞ்ச் ஃபில்டரின் நடுவே ஒரு குழாய் நிற்கும். ஏர் பம்பிலிருந்து வரும் காற்றுக் குமிழி அதற்குள் ஏறும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் அடர்த்தி குறைகிறது. வெளியே இருக்கும் தண்ணீர் அதை மேலே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஸ்பாஞ்சின் எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் மெதுவாக உள்ளே வருகிறது. பவர் ஃபில்டரில் முழு இழுப்பும் நாலு சின்னக் கீற்றில் குவிந்திருக்கும். இதில் அதே வேலை உள்ளங்கை அளவுப் பரப்பில் பரவுவதால், நேற்றுப் பிறந்த குட்டிகூட ஸ்பாஞ்ச் மேல் உட்கார்ந்து அதில் படர்ந்த மெல்லிய பாசிப் படலத்தைக் கொத்தித் தின்னும்.

தண்ணீரைச் சுத்தம் செய்வது ஸ்பாஞ்ச் இல்லை, அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியா. மீன் விடும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாகவும், இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. இவை மெதுவாகப் பெருகும் வகை. ஒருமுறை இரட்டிப்பாகவே ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். புது ஸ்பாஞ்ச் வேலைக்குத் தயாராக 4 முதல் 6 வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பிஎச் 8 என்பதால் இன்னும் கவனம் தேவை. 28 டிகிரி சூட்டில், பிஎச் 7-ல் மொத்த அம்மோனியாவில் 0.7 சதவீதம்தான் விஷமான வடிவில் இருக்கும். பிஎச் 8-ல் அது 6.5 சதவீதம். டெஸ்ட் கிட்டில் ஒரே எண் வந்தாலும் உங்கள் மீனுக்கு ஒன்பது மடங்குக்கு மேல் ஆபத்து. போர் தண்ணீரால் ஒரு நன்மையும் உண்டு: அம்மோனியாவில் உள்ள ஒரு மில்லிகிராம் நைட்ரஜனை மாற்ற, தண்ணீரின் காரத்தன்மையில் சுமார் 7 மில்லிகிராம் செலவாகும். உங்கள் தண்ணீரில் அதற்குப் பஞ்சமில்லை. கடின நீர் என்று பயந்து முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றுபவர்களுக்குத்தான் பிஎச் சரிந்து பாக்டீரியா வேலை நிறுத்தும். கப்பிக்கும் கடின நீர்தான் பிடிக்கும்.

செய்ய வேண்டியது: இன்றே பவர் ஃபில்டரின் வாயில் ஒரு கரடுமுரடான ஸ்பாஞ்ச் துண்டைச் செருகி ரப்பர் பேண்ட் போடுங்கள். குட்டிச் சாவு இன்றே நிற்கும். கூடவே புது ஸ்பாஞ்ச் ஃபில்டரை எதிர் மூலையில் ஓட விடுங்கள். பழைய ஃபில்டருக்குள் இருக்கும் பஞ்சை எடுத்து, புது ஸ்பாஞ்ச் மேலேயே பிழிந்துவிடுங்கள். தண்ணீர் இரண்டு மணி நேரம் கலங்கும், பயப்பட வேண்டாம். இரண்டும் சேர்ந்து 4 வாரமாவது ஓடட்டும். பிறகு பவர் ஃபில்டரை நிறுத்தி, உள்ளே இருந்த பஞ்சை மட்டும் ஒரு வலைப் பையில் போட்டுத் தொட்டியிலேயே விட்டுவையுங்கள். அடுத்த ஒரு வாரம் தினமும் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பாருங்கள். ஒரு நாள் லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் வந்தாலும் 30 சதவீதம் தண்ணீர் மாற்றி, தீனியைப் பாதியாகக் குறையுங்கள். வாரம் முழுக்க 0 காட்டினால் பஞ்சையும் எடுத்துவிடலாம்.

சைஸ்: உங்கள் தொட்டி விளிம்பு வரை 56 லிட்டர், கல், இடைவெளி போக 45 முதல் 50 நிற்கும். 4 அங்குல உயர உருளை ஸ்பாஞ்ச் இரண்டு வையுங்கள். பெரிய ஒன்றைவிட நடுத்தரம் இரண்டு மேல், ஏன் என்பது கழுவும்போது தெரியும்.

மூன்றடித்தொட்டி:

ஸ்பாஞ்ச் பத்தி நண்பர் சொல்லிட்டார். ஏர் பம்ப் பக்கம் நான் சொல்றேன், பாதிப் பிரச்சினை அங்கதான் வரும்.

ரெண்டு வழி உள்ள பம்ப் வாங்குங்க. வாட்ஸைப் பார்க்காதீங்க, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்துன்னு பாருங்க. இந்த சைஸ் ஸ்பாஞ்சுக்கு ஒண்ணுக்கு 1 முதல் 2 லிட்டர் தாராளம். பம்பைத் தொட்டித் தண்ணி மட்டத்துக்கு மேல வைக்கணும். கீழதான் இடம் இருக்குன்னா செக் வால்வு கட்டாயம். இல்லேன்னா கரண்ட் போனதும் தண்ணி டியூப் வழியா பின்னாடி இறங்கி பம்புக்குள்ள போகும், அங்கிருந்து தரைக்கும் பிளக்குக்கும். செக் வால்வைத் தொட்டி விளிம்புக்கு வெளிய, கைக்கு எட்டுற இடத்துல வைங்க. எந்தப் பக்கம் எதுன்னு சந்தேகம் வந்தா வாயால ஊதிப் பாருங்க. எந்தப் பக்கம் வாய் வெச்சு ஊதினா காத்து உள்ள போகுதோ, அந்தப் பக்கம்தான் பம்ப் பக்கம். பம்ப் வயரை பிளக்குக்குக் கீழ ஒரு தொங்கல் விட்டு மேல ஏத்துங்க. வயர் வழியா ஒழுகுற தண்ணி அந்தத் தொங்கல்லயே சொட்டி நின்னுடும்.

குமிழி ஜாஸ்தியா இருந்தா நிறைய பேர் டியூபை மடக்கி கிளிப் போடுவாங்க. செய்யாதீங்க. உள்ள இருக்குற ரப்பர் டயாபிரம் மேல அழுத்தம் ஏறி சீக்கிரம் கிழியும். ஒரு டி கனெக்டர் போட்டு, மூணாவது வாயில வால்வு வெச்சு, மிச்சக் காத்தை வெளிய விட்டுருங்க.

இன்னொண்ணு, குழாயோட மேல் வாய் தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, இல்ல மட்டத்தோட இருக்கணும். ரெண்டு விரக்கடை மேல நீட்டிட்டு இருந்தா தண்ணியை அவ்வளவு உயரம் தூக்கவே காத்தோட பலம் போயிடும், ஸ்பாஞ்ச் சும்மா நிக்கும். குழாய் ரொம்பக் குட்டையா இருந்தாலும் இழுப்பு வராது.

கரண்ட் கட்டுக்கு இந்த ஃபில்டர் நல்ல தோழன். மூடின டப்பாவுக்குள்ள பஞ்சு இருக்குற கேனிஸ்டர் ஃபில்டர் நின்னா, உள்ள இருக்குற ஆக்சிஜனை பாக்டீரியாவே தின்னு முடிச்சிடும். ஸ்பாஞ்ச் திறந்த தொட்டியிலயே நிக்கிறதால அதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாவது ஆக்சிஜன் கிடைச்சுட்டே இருக்கும். 2 மணி நேரத்துக்கு உங்க 15 மீனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சித்திரை வெயில்ல கவனம்: 20 டிகிரியில லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்குற தண்ணி 30 டிகிரியில ஏழரைதான் தாங்கும். கரண்ட் போற நேரத்துக்கு முன்னாடி தீனி போடாதீங்க. யூஎஸ்பி ஏர் பம்ப் ஒண்ணு வாங்கி பவர் பேங்க்ல மாட்டி வெச்சா முழு மதியமும் ஓடும். குறைஞ்ச கரண்ட் எடுக்குறதால சில பவர் பேங்க் தானா அணைஞ்சிடும், வாங்கினதும் ஒரு தடவை ஓட விட்டுப் பாருங்க.

பாசிப்பச்சை:

ஸ்பாஞ்ச் ஃபில்டரை நானும் பரிந்துரைப்பேன். ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போலத் தண்ணீர் வேண்டும் என்பவருக்கு இது ஏமாற்றம் தரும். மிதக்கும் நுண் தூசியை இது முழுக்கப் பிடிக்காது, மெதுவான இழுப்பு என்பதால் கழிவு அடியில் தங்கும். வாராவாரம் சைஃபன் வைத்துத் தரையை உறிஞ்சத்தான் வேண்டும். நைட்ரேட்டை இது நீக்காது, எனவே தண்ணீர் மாற்றும் அளவையும் குறைக்கக்கூடாது.

கோல்டு ஃபிஷ், ஆஸ்கர் போன்ற அதிகக் கழிவு விடும் மீன்களுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம், துணையாக வைக்கலாம். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்துச் செடி வளர்க்கும் தொட்டியில் வைத்தால், மேற்பரப்பு கலங்கி நீங்கள் காசு கொடுத்து விட்ட வாயு பறந்துவிடும். கப்பி, பீட்டா, இறால், குட்டித் தொட்டி, மருத்துவத் தொட்டி ஆகியவைதான் இதற்கு ஏற்ற இடங்கள். நீண்ட துடுப்புள்ள பீட்டா வேகமான ஓட்டத்தில் களைத்துப்போகும், இதில் அந்தத் தொல்லை இல்லை.

குட்டிகளைத் தாய் தின்பதை எந்த ஃபில்டரும் தடுக்காது. குட்டிகள் ஒளிந்துகொள்ள வேலம்பாசியோ ஜாவா மாஸ் என்ற பாசிச் செடியோ ஒரு கைப்பிடி அடர்த்தியாகப் போடுங்கள்.

அடையாறு_கப்பி:

மூவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஸ்பாஞ்ச் வாங்கி வைத்தாயிற்று. ஒன்று அடியில் நிற்காமல் மிதக்கிறது. இன்னொன்றில் பெரிய பெரிய குமிழியாக வந்து கொடகொடவென்று சத்தம். படுக்கையறைத் தொட்டி, தூங்க முடியவில்லை. கழுவுவது எப்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் சொல்லுங்கள். சமையலறை ஸ்பாஞ்ச் வெட்டி உதிரியாக வைத்துக்கொள்ளலாமா?

மூன்றடித்தொட்டி:

மிதக்குறது உள்ள காத்து மாட்டியிருக்கு, அவ்வளவுதான். தண்ணிக்குள்ள முக்கி 20, 30 தடவை நல்லா பிழிஞ்சு விடுங்க, குமிழி வர்றது நிக்கிற வரைக்கும். அப்பவும் நிக்கலேன்னா அடித்தட்டுக்குள்ள ரெண்டு கூழாங்கல்.

சத்தத்துக்கு, டியூப் நுனியில சின்ன ஏர் ஸ்டோன் மாட்டி, அதைக் குழாய்க்குள்ள இறக்குங்க. குமிழி பொடியாகும், சத்தம் குறையும், அதே காத்துக்கு இழுப்பும் கூடும். குழாய்க்குள்ள நுழையுற அளவு ஒல்லியா இருக்கணும். போர் தண்ணியில ஸ்டோன் சில மாசத்துல உப்பு அடைச்சு காத்து குறையும். வினிகர்ல ராத்திரி ஊற வெச்சு, கழுவி, மறுபடி மாட்டலாம், இல்ல புதுசு போட்டுடலாம், விலை கம்மிதான். உறுமல் சத்தம் பம்ப்ல இருந்து வருதுன்னா மடிச்ச துணி மேல வைங்க, சுவத்தைத் தொடாம.

நீர்க்குமிழி:

கழுவும் முறைக்கு வருகிறேன். தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை ஒரு பக்கெட்டில் வையுங்கள். ஸ்பாஞ்சை அப்படியே தூக்கினால் அழுக்கெல்லாம் தொட்டியில் கொட்டும். ஆகவே பம்பை அணைத்துவிட்டு, தண்ணீருக்குள்ளேயே ஒரு பிளாஸ்டிக் கவரை அதன் மேல் கவிழ்த்து, அடியைச் சுருட்டிப் பிடித்துத் தூக்குங்கள். பக்கெட்டில் நாலைந்து முறை பிழிந்தால் போதும். ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கும், அது இருக்க வேண்டிய நிறம். வெள்ளையாகும் வரை கசக்கினால் ஆறு வாரம் வளர்த்ததைக் கழுவி ஊற்றுவதாக அர்த்தம். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர், சோப்பு, வெந்நீர் மூன்றும் கூடாது.

இரண்டு வைக்கச் சொன்னது இதற்குத்தான். 15 நாளுக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிக் கழுவுங்கள். ஒவ்வொன்றும் மாதம் ஒருமுறை கழுவப்படும், மற்றது முழுப் படையோடு ஓடிக்கொண்டிருக்கும். ஸ்பாஞ்ச் கழுவும் நாளில் தரைக் கல்லை ஆழமாக உறிஞ்ச வேண்டாம், அது அடுத்த வாரம்.

நாளை எண்ணுவதைவிட அடையாளம் பார்ப்பது நல்லது. குமிழி வழக்கம்போல வந்து, குழாய் வாயில் தண்ணீர் தள்ளுவது மட்டும் குறைந்தால் ஸ்பாஞ்ச் அடைத்துவிட்டது. குமிழியே குறைந்தால் ஏர் ஸ்டோன், டியூப், டயாபிரம் என்ற வரிசையில் பாருங்கள். குமிழி குழாயில் ஏறாமல் ஸ்பாஞ்சின் பக்கவாட்டில் வந்தால் டியூப் உள்ளே சரியாக உட்காரவில்லை.

சமையலறை ஸ்பாஞ்ச் வேண்டாம். பலவற்றில் கிருமிநாசினி ஏற்றியிருப்பார்கள், பாக்டீரியா வளர வேண்டிய இடத்தில் அதைக் கொல்லும் மருந்து இருக்கும். துளையும் மிகப் பொடி, ஒரு வாரத்தில் அடைக்கும். மெத்தை ஃபோமும் நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும்.

பாசிப்பச்சை:

உதிரி என்று கேட்டதால் ஒன்று சேர்க்கிறேன். மூன்றாவதாக ஒரு சின்ன ஸ்பாஞ்ச் வாங்கி இதே தொட்டியில் ஓட விடுங்கள். மீனுக்கு நோய் வந்து தனியே வைக்க வேண்டிய அன்று, 10 லிட்டர் டப்பாவில் இதே தண்ணீரை ஊற்றி அந்த ஸ்பாஞ்சைப் போட்டால், பழகிய ஃபில்டரோடு மருத்துவத் தொட்டி பத்து நிமிடத்தில் தயார். இந்த ஃபில்டரில் கார்பன் (கரி) இல்லாததால் மருந்தையும் உறிஞ்சாது. ஆன்டிபயாடிக் போட்டால் ஸ்பாஞ்சில் உள்ள பாக்டீரியாவும் அடிபடலாம், அந்த நாட்களில் அம்மோனியாவைத் தினமும் பாருங்கள். சிகிச்சை முடிந்ததும் அந்த ஸ்பாஞ்சை நேராகப் பெரிய தொட்டிக்குக் கொண்டுவராதீர்கள். பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, பலமுறை அலசி, வெயிலில் மொறுமொறுவென்று காயவைத்து, பிளீச்சிங் வாடை அறவே போன பிறகு புது ஸ்பாஞ்ச் போல முதலிலிருந்து பழக்குங்கள். கடையில் ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி வருவதும் இதே காரணத்தால் வேண்டாம், பாக்டீரியாவோடு வெள்ளைப் புள்ளி நோயும் வந்து சேரும்.