அவசரத்துக்கு மூடாத கேட் வால்வு: உங்கள் வீட்டில் இப்படி நடந்ததுண்டா?

தாம்பரம் கீழ்வீடு

மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. கீசருக்குப் போகும் ஆங்கிள் காக்கில், அதாவது சுவரோரம் இருக்கும் சின்ன வால்வில், சொட்டுச் சொட்டாகக் கசிவு. இரவு பத்தரை மணிக்கு, சரி, லேசாக இறுக்கிவிடலாம் என்று திருகினேன். சுவருக்குள் இருந்த நிப்பிள் என்கிற துண்டுக் குழாய் முறிந்து காக் அப்படியே கையோடு வந்துவிட்டது. மாடிக்கு ஓடினேன். தொட்டியடியில் எங்கள் லைனுக்கு ஒன்றேகால் இஞ்ச் பித்தளை கேட் வால்வு இருக்கிறது, திருகத் திருக உள்ளே ஒரு தகடு இறங்கித் தண்ணீரை அடைக்கும் வகை. ஆறு வருடமாகப் பாதிதான் திறந்து வைத்திருக்கிறோம், இல்லாவிட்டால் மாடிவீட்டு ஷவரில் தண்ணீர் வராது. அதைத் திருகினால் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, இருபது சுற்றுக்கு மேல் போயும் எங்கேயும் போய் முட்டவில்லை. கீழேயிருந்து அம்மா "இன்னும் நிக்கலடா" என்று கத்துகிறார்கள். ஆயிரம் லிட்டர் தொட்டி, அன்று சாயங்காலம்தான் லாரித் தண்ணீர் வாங்கி ஏற்றியது.

என் மகன்தான் ஒட்டடைக் கம்பு நுனியில் பழைய லுங்கியைப் பந்தாகச் சுற்றிக் கட்டிக் கொண்டுவந்தான். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குள் விட்டோம். துவாரத்தைத் தொடப் போகும்போதே தண்ணீர் அந்தத் துணியைத் தானாக இழுத்துக்கொண்டது, கம்பு என் கையில் வெடுக்கென்று அசைந்தது. அடுத்த நொடி கீழே சத்தம் நின்றது. அந்த இழுப்பு இன்னும் கையில் இருக்கிறது.

இப்போது பால் வால்வு போட்டாயிற்று, உள்ளே துளை போட்ட உருண்டை இருக்கும், கைப்பிடியைக் கால் சுற்று திருப்பினாலே மூடிவிடும். யாரும் இனிமேல் வீட்டுக்குக் கேட் வால்வு வாங்காதீர்கள்.

வடவள்ளி அக்கா

பால் வால்வு போட்டால் கவலை விட்டது என்று நினைக்காதீர்கள் தம்பி. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் ஒரு லைன், போர் உப்புத் தண்ணீர் ஒரு லைன். சிறுவாணி அணைக் குடிநீர் வராத நாளில் உதவும் என்று பிளம்பர் இரண்டையும் ஒரு பால் வால்வு வைத்து இணைத்துவிட்டுப் போனார். ஒரு நாள் யாரோ அதைத் திறந்துவிட்டு முழுசாக மூடவில்லை. கைப்பிடி ஒரு விரல் அளவு சாய்ந்திருந்தது, அவ்வளவுதான். காலையில் என் மாமியார் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை! நான் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள். ஒரு சம்ப்பு நல்ல தண்ணீர் முழுக்கச் செடிக்கு ஊற்றினோம். அந்த இணைப்பை அறுத்து இரண்டு பக்கமும் எண்ட் கேப் போட்ட பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

ஈரோடு பைப் கடை

தாம்பரம் சார், தப்பு கேட் வால்வு மேல் இல்லை. ஆறு வருடம் பாதி திறந்து வைத்தீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கேட் வால்வு முழுசாகத் திறக்க, முழுசாக மூட, இரண்டுக்குத்தான். பாதியில் நின்றால் ஓடுகிற தண்ணீரில் உள்ளே இருக்கும் கேட் ஆடிக்கொண்டே இருக்கும், மரை தேயும், அடிக் காடியில் உப்பு இறுகும். பிறகு திருகினால் கைப்பிடியோடு இருக்கும் தண்டு, அதாவது ஸ்பிண்டில், மட்டும் சுற்றும். எங்கள் வீட்டிலும் அப்பா காலத்து வால்வு ஒன்று இப்படித்தான் போனது, அது பெரிய கதை இல்லை.

பால் வால்வையும் பாதியில் வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் டெஃப்லான் சீட் ஒரு பக்கமாக அரித்துவிடும், அப்புறம் மூடினாலும் கசியும். தண்ணீரைக் குறைத்து வைக்கத்தான் வேண்டும் என்றால் அதற்கு குளோப் வால்வு இருக்கிறது, உடம்பில் அம்புக்குறி இருக்கும், அந்தத் திசையில்தான் மாட்ட வேண்டும். ஆனால் அது முழுசாகத் திறந்தாலும் ஓட்டத்தைத் தடுக்கும். பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம். மாடிவீட்டு ஷவருக்கும் தொட்டிக்கும் நடுவே மூன்று மீட்டர்கூட இருக்காது, 0.3 பார்கூடத் தேறாது. அதனால் மாடிவீட்டு லைனில் எதையும் சுருக்காமல் தொட்டியிலிருந்தே தனிக் குழாய் இறக்குங்கள், இரண்டு வீட்டுச் சண்டையும் தீரும். பால் வால்வு வாங்கும்போது ஃபுல் போர் என்று கேட்டு வாங்குங்கள், விலை குறைந்ததில் உள்துளை குழாயைவிடச் சின்னதாக இருக்கும். பித்தளை கேட் வால்வு என்றால் ஐ.எஸ். 778 என்ற இந்தியத் தரக் குறி பார்த்து வாங்குங்கள். பக்கத்தில் யூனியன், அதாவது கழற்றி மாட்டும் இணைப்பு, வைக்காமல் ஒட்டினால் அடுத்த முறை குழாயை அறுக்க ரம்பம்தான். மாதம் ஒருமுறை மூடித் திறந்துவிடுங்கள், உப்புத் தண்ணீர் ஊரில் இது கட்டாயம். வெயில் படும் இடத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி வேண்டாம், நாலைந்து கோடையில் நொறுங்கிவிடும்.

வடவள்ளி அக்கா

அண்ணா, மாதம் ஒருமுறை மாடி ஏற எழுபது வயசுக்காரர்களால் முடியுமா? கீழே கை எட்டும் இடத்தில் ஒவ்வொரு பாத்ரூமுக்கும் தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள், அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

உறையூர்

எங்களுக்கு நடந்தது வேறு. ஒரே மோட்டார், இரண்டு தொட்டி, இரண்டு பால் வால்வு. முதல் தொட்டி நிரம்பியதும் அதை டக்கென்று மூடிவிட்டேன், இரண்டாவதை இன்னும் திறக்கவில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீருக்குப் போக வழி இல்லை. சுவருக்குள் யாரோ சம்மட்டியால் அடித்த மாதிரி ஒரு சத்தம், படிக்கட்டுப் பக்கம் குழாய் திரும்பும் இடத்து எல்போ பிளந்துவிட்டது. என் சின்ன மகள் அந்தப் படியில்தான் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நனைந்ததோடு போயிற்று. இப்போதெல்லாம் இரண்டாவதைத் திறந்த பிறகே முதலாவதைத் தொடுகிறேன், அதையும் மெதுவாக.

தாம்பரம் கீழ்வீடு

ஈரோடு சார், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, கழற்றி வைத்திருந்த பழைய வால்வை இன்று பிரித்துப் பார்த்தேன். கேட் பாதி வழியில் வெள்ளை வெள்ளையாக உப்பு கட்டிச் சிக்கி நிற்கிறது, சுத்தியால் தட்டியும் அசையவில்லை. ஸ்பிண்டிலில் மரை இருந்த இடம் வழவழவென்று இருக்கிறது. நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் பாதியில் வைக்கச் சொன்னதே அன்றைக்கு அதை மாட்டிய பிளம்பர்தான், எங்களுக்கு எப்படித் தெரியும்? போட்ட பால் வால்வையும் போன வாரம் கொஞ்சம் சாய்த்துத்தான் வைத்திருந்தேன், இப்போது போய் முழுசாகத் திறந்துவிட்டேன். மாடிவீட்டு அக்காவிடமும் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தனிக் குழாய் இறக்க ஆள் வருகிறார். அவர்கள் லைனுக்கு ஒன்றேகால் இஞ்ச் போதுமா, ஒன்றரை போடட்டுமா?