பக்கத்து வீட்டு ஓபாப்ஸ்

ஹோம்புஷ்வாசி:

1989இல் சிட்னி வந்து ஸ்ட்ராத்ஃபீல்டில் வாடகைக்கு வீடு எடுத்தோம். வேலிக்கு அந்தப் பக்கம் லாட்வியக் கிழவர் ஒருவரும் மனைவியும். முதல் வாரமே வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "கப்பலா, விமானமா?" என்று கேட்டார். விமானம் என்றேன். "கொடுத்து வைத்தவர்கள்" என்று சிரித்தார்.

அவர் வந்தது 1949இல், கப்பலில். 1944இல் சோவியத் படை லாட்வியத் தலைநகர் ரீகாவை நெருங்கியபோது லீபாயா துறைமுகத்திலிருந்து ஜெர்மனிக்குத் தப்பியவர். போர் முடிந்ததும் எஸ்லிங்கன் அகதி முகாமில் நாலு வருடம். கல்யாணம் அங்கேதான். மூத்த மகள் பிறந்ததும் அங்கேதான்.

ஆஸ்திரேலியா அப்போது வேலைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தது. குடிவரவு அமைச்சர் ஆர்தர் கால்வெல் 1947 நவம்பரில் இறக்கிய முதல் கப்பலில் எண்ணூற்றுச் சொச்சம் பேர், எல்லோரும் லாட்வியா, லிதுவேனியா, எஸ்தோனியா என்ற பால்டிக் நாட்டவர், அநேகமாக இளவட்டங்கள். குடும்பஸ்தர்களின் முறை பிறகுதான் வந்தது. 1950களின் தொடக்கத்துக்குள் சுமார் 1,70,000 அகதிகள் வந்துவிட்டார்கள். அதில் லாட்வியர் 20,000 அளவில்.

சும்மா விடவில்லை. இரண்டு வருடம் அரசு காட்டும் இடத்தில், காட்டும் வேலை. இவரைக் கரும்பு வெட்டக் குயின்ஸ்லாந்துக்கு அனுப்பினார்கள். மனைவியும் குழந்தையும் கிரீட்டா முகாமில். மகள் நடக்கப் பழகியதைப் பார்க்கவில்லை என்பதைத் தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்வார். அப்புறம் சுல்லோரா ரயில்வே பட்டறையில் வேலை, ஒரு துண்டு நிலம். கராஜைக் கட்டி அதில் குடியிருந்துகொண்டே சனி, ஞாயிறுகளில் வீட்டை எழுப்பினார். அடுத்த இரண்டு பிள்ளைகளும் அந்தக் கராஜில் தவழ்ந்தவர்கள்தான்.

பெயர் விஷயத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே தலையிடி. லாட்விய மொழியில் குடும்பப் பெயரும் ஆண்பால் பெண்பால் பார்த்து மாறும். கணவன் பேர்ஸின்ஷ் என்றால் மனைவி பேர்ஸின்யா. அலுவலகத்தில் "இவர் உங்கள் மனைவிதானா?" என்று கேட்டார்களாம். கடைசியில் ஆண்பால் பெயரையே எல்லோருக்கும் போட்டுவிட்டார். மகளுக்கு அது ஆம்பிளைப் பெயராகத்தான் பட்டதாம். அப்பா பெயரைக் குடும்பப் பெயர் ஆக்கி எனக்குப் படிவம் நிரப்பியபோது நான் பட்டதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

சாப்பாட்டு மேசையில் இங்கிலீஷில் கேட்டால் உப்புக்கூட வராதாம். சனிக்கிழமை லாட்வியப் பள்ளி. அவர் மகனுக்கு அந்தக் கோபம் நாற்பது வயதிலும் ஆறவில்லை. "எங்கள் தெருவில் சனிக்கிழமை கிரிக்கெட் ஆடாத ஒரே பையன் நான்தான்" என்றார் என்னிடம். நான் தலையாட்டிக் கேட்டுவிட்டு என் பையனைத் தமிழ்ப் பள்ளிக்கு ஏற்றிப் போனேன்.

ஜூன் 23 இரவு யானி பண்டிகை. ஊரில் அது வருடத்தின் மிகக் குறுகிய இரவுகளில் ஒன்று, விடிய விடியத் தூங்காமல் தீ மூட்டிப் பாடுவார்கள். சிட்னியில் அதே நாள் நடுக் குளிர்காலம், மிக நீண்ட இரவுகளில் ஒன்று! அப்படியும் தூங்க மாட்டார்கள். ஓக் இலை கிடைக்காமல் யூகலிப்டஸ் இலையில் கிரீடம் கட்டிப் போட்டிருப்பார். அம்மையார் ஒரு விதை போட்டுச் சீஸ் செய்வார். ஒருமுறை அது தீர்ந்துபோய் எங்கள் வீட்டுக்கு வந்தார். பார்க்கச் சீரகம் மாதிரி இருக்கும் என்றதால் என் மனைவி சீரகத்தையே அள்ளிக் கொடுத்துவிட்டாள். அந்த வருடச் சீஸில் ரச வாசனை. ஒருவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு முடித்தார்கள்.

கால்வெல் கட்சி என்று தொழிற்கட்சிக்கே வாக்குப் போட்டு வந்தவர். 1974இல் அதே கட்சியின் விட்லம் அரசு, பால்டிக் நாடுகளைச் சோவியத் தன்னோடு இணைத்துக்கொண்டதைச் சட்டப்படி ஏற்றுக்கொண்டது. அதோடு விட்டார். 1975 முடிவில் லிபரல் கட்சியின் ஃபிரேசர் வந்து அதை மாற்றிய பிறகும் இவர் தொழிற்கட்சிப் பக்கம் திரும்பவில்லை.

இவர் கப்பலேறிய அதே 1949இல், மார்ச் 25 தொடங்கி லாட்வியாவிலிருந்து 42,000 பேர் அளவில் சோவியத் அரசால் சைபீரியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். இவர் தங்கையும் ஒருத்தி. நாடு விடுதலையான அடுத்த வருடம், 1992இல் போய்ப் பார்த்தார். நாற்பத்தெட்டு வருடம் பொத்திப் பொத்திக் காத்த மொழியில் தங்கையோடு பேச, அவள் சொன்னாளாம்: "அண்ணா, நீ நம் அப்பா மாதிரிக் கதைக்கிறாய்." திரும்பி வந்து இதை எங்களுக்குச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஓபாப்ஸ் என்றால் தாத்தா. என் பிள்ளைகளும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மெல்பர்ன் தாதி:

அண்ணா, முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது எனக்கும் ஒரு லாட்விய அம்மம்மா இருந்தார். மறதி நோய் முற்ற முற்ற இங்கிலீஷ்தான் முதலில் போனது. ஐம்பது வருடம் பேசிய மொழி! மகன் வந்து இங்கிலீஷில் பேசினால் யாரோ என்று பார்ப்பார். மகனுக்கு லாட்விய மொழி பாதிதான் வரும், பாவம், வெளியே வந்து நிற்பார். நான் "லப்ரீத்", "பல்தியெஸ்" இரண்டும் பாடமாக்கிக்கொண்டேன். காலை வணக்கமும் நன்றியும். அதற்கே கன்னத்தைத் தடவி நாலு வரிப் பாட்டு ஒன்று பாடுவார். அவர்களுடைய தய்னா பாட்டெல்லாம் அப்படிச் சின்னதுதானாம்.

வாசகன்_72:

ஐயா, தப்பாக எடுக்க வேண்டாம். போர்க்காலத்தில் அவர் என்ன செய்தார் என்று கேட்டதுண்டா?

ஹோம்புஷ்வாசி:

தப்பில்லை தம்பி. வாய் விட்டுக் கேட்டதில்லை. ரீகாவுக்குப் பக்கத்து ரும்புலா காட்டில் 1941 நவம்பர் 30, டிசம்பர் 8, இரண்டே நாளில் சுமார் 25,000 யூதர்கள் நாஜி ஜெர்மானியரால் சுட்டுக் கொல்லப்பட்டதையும், அதில் லாட்வியத் துணைப்படையினருக்கும் பங்கு இருந்ததையும் பிறகுதான் வாசித்தேன். 1943இலிருந்து ஜெர்மானியர் லாட்விய இளைஞர்களைத் தங்கள் படைக்கு இழுத்தார்கள். இவருக்கு அப்போது 21 வயது.

ஒருமுறை பழைய ஆல்பத்தைக் காட்டினார். பள்ளிக்கூடம், தங்கை, பண்ணை வீட்டு நாய். அடுத்த பக்கத்தில் படம் செருகும் நாலு மூலைத் தாள் மட்டும் ஒட்டியிருந்தது, படம் இல்லை. அதற்கடுத்த பக்கம் எஸ்லிங்கன் கல்யாணம். அவர் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தைப் புரட்டினார். நான் தேநீரை எடுத்துக் குடித்தேன்.