கண்நோய்க்கு ஊருக்கே குளிசை குடுக்கலாமா?

களுவாஞ்சிகுடி மாணவி:
ட்ரக்கோமா எண்ட கண்நோய் இருக்கிற ஊரில எல்லாருக்கும் அசித்ரோமைசின் எண்ட அன்டிபயோட்டிக் குடுக்கிறதாப் பாடத்தில வருகுது. நோயில்லாத ஆக்களுக்கு ஏன்? நம்மட பள்ளிக்கூடங்களில கண்நோய் பரவினால் இதையே செய்ய ஏலாதா?

வாவிக்கரை:
ரெண்டும் வேற நோய் தங்கச்சி. இங்க கண் சிவந்து பரவுறது பெரும்பாலும் அடினோவைரஸ். அதுக்கு அன்டிபயோட்டிக் வேலை செய்யாது, தானா மாறும். பார்மசியில மூணு குளிசை வாங்கிப் போடுறதால கிருமிக்குத்தான் மருந்து பழகும்.

ட்ரக்கோமா கிளமிடியா பாக்டீரியாவால வாறது. திரும்பத் திரும்பத் தொற்றி, மேல் இமையின் உட்பக்கம் தழும்பேறி, இமைமயிர் உள்ளுக்குத் திரும்பிக் கருவிழியை உரசும். பார்வை போறது பல வருசத்துக்குப் பிறகு. கண் நல்லா இருக்கிற பிள்ளையிலயும் கிருமி இருக்கும். ஒராளுக்கு மட்டும் மருந்து குடுத்தால் கூடப் படுக்கிற தம்பியிட்ட இருந்து, துவாயால, ஈயால திரும்ப வந்திடும். அதுதான் ஊரையே ஒண்டாப் பிடிக்கிறது.

அதுக்கும் கணக்கு இருக்கு. 1–9 வயதுப் பிள்ளைகளில செயல்நிலை நோய் (இமைக்குள்ள இப்ப அழற்சி இருக்கிற நிலை) 5 வீதத்துக்குக் கீழ எண்டால் ஊர் முழுக்கக் குடுக்கிறதில்லை. 5–9.9 எண்டால் ஒரு சுற்று, அதாவது ஊருக்கே ஒரு தரம், 10–29.9 எண்டால் வருசத்துக்கு ஒண்டா மூணு, 30க்கு மேல அஞ்சு. ஒவ்வொரு சுற்றிலயும் 80 வீதம் பேராவது குடிக்கோணும். கடைசிச் சுற்று முடிஞ்சு ஆறு மாசமாவது போனாப்பிறகுதான் திரும்ப ஆய்வு.

கல்முனை மருந்தாளர்:
அளவையும் சொல்லிடுறன். ஒரே தரம், கிலோவுக்கு 20 மி.கி., ஆகக்கூடினது 1 கிராம். வளர்ந்தாக்களுக்கு 250 மி.கி. குளிசை நாலு. தராசு தூக்கித் திரிய ஏலாதெண்டு உயரக்கோல் வைச்சுத்தான் அளவு பார்க்கிறது. சின்னப் பிள்ளைகளுக்குப் பாணி: 1200 மி.கி. போத்தலை முதல்ல தட்டித் தூளை உதிர்த்து, 15 மி.லீ. சுத்தத் தண்ணி விட்டுக் குலுக்கினால் 30 மி.லீ. வரும். 10 கிலோப் பிள்ளைக்கு 5 மி.லீ. போத்தல்ல இருக்கிற கோடு வரைக்கும் தண்ணி ஊத்திற ஆக்களும் இருக்கினம், அப்ப அளவு பிழைச்சுப் போகும். ஆறு மாசத்துக்குக் குறைஞ்ச பிள்ளைக்கு இது இல்லை. 1% டெட்ராசைக்ளின் கண்களிம்பு, நாளுக்கு ரெண்டு தரம், ஆறு கிழமை. கனபேர் அரைவாசியில விட்டுடுவாங்க.

களுவாஞ்சிகுடி மாணவி:
பிள்ளை அழுது குடிக்காட்டி?

கல்முனை மருந்தாளர்:
மூக்கைப் பொத்தி, மல்லாத்திப் பிடிச்சு ஊத்தவே கூடாது. மூச்சுக்குழாய்க்குள்ள போய்ப் பிள்ளைகள் செத்திருக்கு. நிமிர்த்தி இருத்தி, தானாக் குடிக்க விடோணும். அழுகை அடங்காட்டி அந்தப் பிள்ளையை விட்டுட்டுப் பிறகு வந்து பாருங்க. குளிசையை நல்லா விழுங்க ஏலாத பிள்ளைக்கும் பாணிதான்.

வாவிக்கரை:
உள்ளுக்குத் திரும்பின இமைமயிரை மருந்து நிமிர்த்தாது, அதுக்குச் சத்திரசிகிச்சை. முகம் கழுவத் தண்ணியும் மலசலகூடமும் இல்லாட்டி, சுற்று முடிஞ்சாப்பிறகு நோய் திரும்ப ஏறும்.